நீள இலைச் சிற்றல்லி

காப்பாளர் அந்தத் தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது படக்காரி பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"தொடாத. முதல்ல பாரு."

பார்த்தாள். கெட்டியான வெள்ளைத் தாள். அதில் உலர்த்தி ஒட்டிய ஒரு தண்ணீர்ச்செடி. நாலு இலை, ஒவ்வொன்றும் கைவிரல் நீளம். நடுவே ஒரு தண்டு, அதன் நுனியில் மூன்று பூ. உயிரோடு இருந்தபோது வெள்ளையாக இருந்திருக்கும். இப்போது பழுப்பு. இதழ் முழுக்கப் பஞ்சு போல மயிர்.

"என்ன பூ?"

"சிற்றல்லிங்கய்யா."

"இலை?"

சிற்றல்லிக்கு இலை வட்டம். நெல்வயலிலும் குளத்திலும் வட்டவட்டமாக மிதக்கும். வயல் பக்கம் போன யாருக்கும் தெரியும்.

"நீளமா இருக்குங்க."

"அதான்!" காப்பாளர் மேசையைத் தட்டினார். "உலகத்துல எவனும் பாக்காத செடி. நடவு முடிஞ்ச வயல்ல, வாய்க்கால் ஓரமா, நானே கண்டுபிடிச்சு, நானே பிடுங்கி, நானே ஒட்டினேன். முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல எனக்குன்னு ஒரு செடி."

அவருக்குப் பின்னால் நின்ற இளநிலை ஆய்வாளர் தலையை ஆட்டினார். அவருக்குக் காப்பகத்தில் 'சரிங்கய்யா' என்று பெயர். வேறு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

"மூணு வாரத்துல படம் வேணும். கட்டுரை இவன் பேர்ல வருது. செடி என் பேர்ல வருது."

தன் பெயரைத் தானே ஒரு செடிக்கு வைத்துக்கொள்வது அந்தத் தொழிலில் அசிங்கம். இன்னொருவர் வைத்தால் கௌரவம். அதற்காகத்தான் சரிங்கய்யா.

"சரிங்கய்யா," என்றார் சரிங்கய்யா.

அது ஓர் உலர்செடிக் காப்பகம். மூன்று மாடி, வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள், எங்கும் அந்துருண்டை வாசனை. புதுச் செடி ஒன்றுக்குப் பெயர் வைத்தால் எந்தத் தாளைப் பார்த்து வைத்தார்களோ அது மூலத்தாள். அதைச் சிவப்பு உறையில் போட்டுத் தனி அலமாரியில் பூட்டுவார்கள். கூடவே ஒரு படம் அச்சாகும். படம் வரைவது படக்காரி.

செடிகளைத் தாளில் ஒட்ட முன்பெல்லாம் ஓர் ஆள் இருந்தாள். அவள் படக்காரியின் அக்கா.

நாலு வருடத்துக்கு முன் காப்பாளர் மலையிலிருந்து ஒரு செடிக்கட்டும் கடற்கரையிலிருந்து ஒரு செடிக்கட்டும் கொண்டுவந்தார். இரண்டின் சேகரிப்பு எண்களையும் மாற்றிப் போட்டார். மலைப்புல் கடலோர மணலில் முளைப்பதாகக் கட்டுரை வந்தது. தொழிலே கைகொட்டிச் சிரித்தது. அடுத்த இதழில் காப்பாளர் ஒரு திருத்தம் போட்டார். 'ஒட்டுபவரின் அலட்சியத்தால் நேர்ந்த பிழை.' அதோடு விடவில்லை. அக்காவின் பெயரை இனிஷியலோடு அச்சில் ஏற்றினார். அந்த வாரமே அவளுக்கு வேலை போனது. வேறு காப்பகங்களுக்கு எழுதிப் பார்த்தாள். அவள் பெயர் கடிதத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

அக்கா இப்போது ஒரு மருத்துவமனையில் படுக்கை விரிப்பு மடிக்கிறாள்.

அன்றைக்குப் படக்காரியும் வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னாள். அக்கா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "நீயும் எழுந்து வந்துட்டா அங்க அவனைப் பாத்துக்கிட்டு இருக்க யாருடி இருக்கா?"

அதனால் படக்காரி நாலு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வணக்கம் வைத்தாள். கேட்ட படத்தை வரைந்தாள். காப்பாளர் மூக்குக்கண்ணாடியைத் தேடும்போது எடுத்துக் கொடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டே ஒருத்தி எவ்வளவு மரியாதையாக நடந்துகொள்ளலாம் என்று அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது லென்ஸை எடுத்துத் தாளின்மேல் குனிந்தாள்.

இலையும் தண்டும் சேரும் இடம் தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு காகிதப் பட்டை குறுக்கே ஒட்டியிருந்தது. செடி நகராமல் இருக்கப் பட்டை ஒட்டுவது வழக்கம்தான். ஆனால் சேரும் இடத்தில் ஒட்டக்கூடாது. அக்காவாக இருந்தால் ஒருநாளும் அங்கே ஒட்டமாட்டாள்.

இலையின் நரம்பைப் பார்த்தாள். சிற்றல்லி இலையில் நரம்புகள் காம்பிலிருந்து விரிந்து வலைபோலப் பின்னும். இதில் ஒன்பது நரம்பு, அடியிலிருந்து நுனிவரை, ஒன்றையொன்று தொடாமல் ஓடின. ஏணிப்படி போலக் குறுக்குக் கோடுகள்.

கொட்டி. அதே வயலில், அதே தண்ணீரில், சிற்றல்லியோடு பின்னிக்கொண்டு வளரும் கொட்டி. இது கொட்டியின் இலை.

லென்ஸை மேசைமேல் வைத்தாள்.

தண்ணீர்ச்செடியைப் பிடுங்கினால் தனியாக வராது. பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டுதான் வரும். அதனால் அதை ஒட்டுவதற்கு ஒரு முறை உண்டு. அகலமான தட்டில் தண்ணீர் விட்டு, செடியை அதில் மிதக்க விட வேண்டும். சிக்கியிருப்பது தானாகப் பிரியும். ஒரு செடியின் இலை இன்னொரு செடியின் தண்டைவிட்டு விலகும். பிறகு தாளை அடியில் நுழைத்து மெல்லத் தூக்க வேண்டும். அக்கா அதற்குக் காலைப் பொழுது முழுவதையும் எடுத்துக்கொள்வாள்.

படக்காரி எழுந்து காப்பாளர் அறைக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. சொல்லிவிடத்தான் போனாள் என்று பின்னால் ஒருமுறை நினைத்துக்கொண்டாள்.

"ஐயா, இந்தச் செடிய ஒட்டறதுக்கு முன்னாடி தட்டுல மிதக்க விட்டீங்களா?"

காப்பாளர் நிமிரவில்லை. "அதெல்லாம் உங்க அக்கா மாதிரி பொழுது போகாதவங்க செய்யற வேலை. மிதக்க விட்டு மிதக்க விட்டு என்ன கிழிச்சா? கடைசியில மானத்தைத்தான் மிதக்க விட்டா." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். "போய்ப் படத்தைப் போடு."

"சரிங்கய்யா," என்றாள்.

திரும்பி வந்து உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள். சொல்ல வேண்டும் என்று இருந்த ஏதோ ஒன்று அந்த அறையிலேயே விழுந்துவிட்டது. குனிந்து எடுக்க அவளுக்கு விருப்பமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வீடு இரண்டே அறை. இரண்டாவது அறையின் ஜன்னலுக்கு வெளியே கொடி. படக்காரி பென்சில் வரைவை அவள் முன் நீட்டினாள். 

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"இலை கொட்டி. பூ சிற்றல்லி. என்னடி இது, விளையாட்டுக்குப் போட்டியா?"

"புதுச் செடியாம். அவர் பேரே வைக்கறாங்க."

அக்கா வரைவை மறுபடி பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். பிறகு கொடிக்குத் திரும்பி, பாதி தொங்கிய தலையணை உறையை இழுத்துச் சரிசெய்து கவ்வி போட்டாள். அதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள்.

"ஒட்டினது யாரு?"

"அவரேதான். உன் இடத்துக்கு யாரையும் எடுக்கலையே."

"தட்டுல விடல."

"விடல. கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

படக்காரி சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அக்காவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. விரிப்பு மடிக்கும் இடத்தில் கற்றுக்கொண்ட முகம் அது.

"சேர்ற இடம் எப்படி இருக்கு?"

"தெரியல. பட்டை மறைக்குது. அந்த இடத்தை நானே கற்பனை பண்ணித்தான் போடணும்."

"கற்பனை பண்ணாத."

"அப்புறம்?"

"பட்டையைப் போடு."

படக்காரிக்கு உடனே புரியவில்லை. படத்தில் பட்டை வரைவதில்லை. செடியை மட்டும் வரைவார்கள். பட்டை, பசை, கறை எல்லாம் விட்டுவிடுவதுதான் படக்காரரின் வேலையே.

"இருக்கறதை இருக்கற மாதிரி போடு," என்றாள் அக்கா. "இலை நரம்பைத் தனியா, பெருசா, ஒரு மூலையில போடு. ஒன்பதும் தெரியணும். குறுக்குக் கோடு ஒண்ணுகூட விடாத. பாக்கத் தெரிஞ்சவங்க பாக்கட்டும்."

"அவரே பாத்துட்டா?"

"அவனா?" அக்கா முதல்முறையாகச் சிரித்தாள். "அவன் என்னிக்குடி இலையைப் பாத்தான்?"

பதினெட்டு நாள் வரைந்தாள். வாழ்க்கையில் அவ்வளவு நேர்மையாக அவள் எதையும் வரைந்ததில்லை. பூவின் மயிர் ஒவ்வொன்றையும் எண்ணினாள். பட்டையின் ஓரம் கத்தரி பட்டுக் கொஞ்சம் கோணியிருந்தது. அந்தக் கோணலையும் வரைந்தாள். வலது மூலையில் இலை நரம்பு, எட்டு மடங்கு பெரிதாக.

காப்பாளர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். லென்ஸைக் கேட்டார். படக்காரி எடுத்துக் கொடுத்தாள். லென்ஸ் பூவின்மேல் போய் நின்றது. அங்கேயே இருந்தது. வலது மூலைப் பக்கம் நகர்ந்தது.  மறுபடி பூவுக்கே திரும்பியது.

"பட்டையை எதுக்குப் போட்டே?"

"மறைஞ்ச இடத்தை இட்டுக்கட்டக் கூடாதுன்னு நீங்கதானேங்கய்யா சொல்லிக் கொடுத்தீங்க."

அவர் அப்படி எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனால் சொல்லிக் கொடுத்தவராக இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது.

"ம். பழைய காலத்துப் படம் மாதிரி ஒரு கெத்தாத்தான் இருக்கு." படத்தின் பின்புறம் 'சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

கட்டுரை வந்தது. காப்பாளர் பெயர் லத்தீன் வால் முளைத்துச் செடியின் பெயரானது. பொதுமக்களுக்காக 'நீள இலைச் சிற்றல்லி' என்று அவரே ஒரு பெயரும் வைத்தார். அவர் ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன; அதற்கு முன்பாகவே படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாசல் கூடத்தில் மாட்டினார்கள். வருகிறவர்கள் எல்லாம் பூவைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாலையில் வீடு திரும்பும்போதெல்லாம் படக்காரி ஒரு நிமிடம் அந்தப் படத்தின்முன் நிற்பாள். மூலையில் ஒன்பது நரம்பு. எப்போது, எப்போது என்று கேட்டுக்கொள்வாள். அக்கா வீட்டில் ஒருமுறைகூட விசாரிக்கவில்லை.

ஐந்தாவது வாரம் கடிதம் வந்தது. வேறொரு காப்பகத்தில் தண்ணீர்ச்செடிகளையே வாழ்நாள் முழுக்கப் பார்த்த அம்மாள் ஒருவர் எழுதியிருந்தார். தொழிலில் எல்லோரும் அவரைக் 'குளத்தம்மா' என்பார்கள். கடிதம் நாலே வரி. படத்தின் மூலையில் இருக்கும் நரம்பு சிற்றல்லியினுடையது அல்ல. படத்தில் பட்டை வரைந்திருக்கிறது. நாற்பது வருடத்தில் இப்படி ஒரு படம் பார்த்ததில்லை. பட்டைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வருகிறேன். பட்டை பிரிக்கத் தெரிந்த ஒட்டுபவரைத் தயாராக வையுங்கள்.

காப்பகத்தில் ஒட்டுபவர் இல்லை. மூலத்தாளில் கைவைக்க யாருக்கும் துணிவில்லை. காப்பாளர் இரண்டு நாள் அறையை விட்டு வரவில்லை. மூன்றாம் நாள் சரிங்கய்யா படக்காரியின் மேசைக்கு வந்தார்.

"உங்க அக்கா வருவாங்களா?"

அவர் ஒரு முழு வாக்கியம் பேசியதே படக்காரிக்கு ஆச்சரியமாக இருந்தது.

அக்கா மருத்துவமனைக்கு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்தாள். நாலு வருடத்துக்குப் பிறகு அந்த வாசலில் செருப்பைத் துடைத்தாள். பழைய அறைக்குப் போய்த் தட்டை எடுத்தாள். அதில் யாரோ காலி மைப்புட்டிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துவிட்டுத் தட்டைக் கழுவினாள்.

நீள மேசையைச் சுற்றி ஐந்து பேர். குளத்தம்மா குட்டையாக, கனமாக, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். காப்பாளர் நின்றார். அக்கா அவர் பக்கம் பார்க்கவில்லை. தூரிகையை வெந்நீரில் நனைத்துப் பட்டையின்மேல் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். 

பட்டை நெகிழ்ந்தது. இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து மெல்ல உரித்தாள்.

கீழே ஒன்றுமில்லை. இலைகள் ஒரு பக்கம் முடிந்தன. தண்டு இன்னொரு பக்கம் முடிந்தது. நடுவில் நகக்கண் அளவு வெள்ளைத் தாள்.

"தட்டுல விடலாமாம்மா?" என்று அக்கா குளத்தம்மாவைக் கேட்டாள்.

"விடு."

இலைகளைத் தாளிலிருந்து நனைத்து எடுத்துத் தண்ணீரில் விட்டாள். பிறகு தண்டைப் பூவோடு விட்டாள். இரண்டும் தனித்தனியாக மிதந்தன. இலைகள் தட்டின் ஓரத்துக்குப் போயின. பூ நடுவிலேயே நின்று மெல்லத் திரும்பியது. ஒன்றுக்கொன்று யாரென்றே தெரியாத மாதிரி இருந்தன.

"கொட்டி," என்றார் குளத்தம்மா. "இது சாதாரண சிற்றல்லி. நம்ம வீட்டு வாசல் குட்டையிலகூட கெடக்கும்." காப்பாளரை நிமிர்ந்து பார்த்தார். "யார் ஒட்டினது இதை?"

காப்பாளர் தொண்டையைச் செருமினார். "ஒட்டறவங்க செய்யற தப்புக்கெல்லாம் நான் என்னங்க பண்றது?" சரிங்கய்யாவின் பக்கம் திரும்பினார். "நீதானப்பா ஒட்டினே?"

சரிங்கய்யாவின் முகம் வெளிறியது. வாய் திறந்தது. முப்பது பேர் முன்னாடி கேட்டிருந்தாலும் அதேதான் வந்திருக்கும்.

"சரிங்கய்யா."

 நாலு வருடத்துக்கு முந்திய அதே வாய், அதே வார்த்தை. ஆள் மட்டும் வேறு.

அக்கா பட்டையை இடுக்கியில் பிடித்தபடியே சரிங்கய்யாவைக் கேட்டாள். "தம்பி, எந்தப் பசையில ஒட்டுனீங்க?"

"நம்ம... மாவுப் பசைதாங்க."

"மாவுப் பசை காய்ஞ்சா வெள்ளையா நிக்கும். இது மஞ்சளா நிக்குது பாருங்க. இது கவர் ஒட்டற கோந்து." பட்டையைக் குளத்தம்மாவின் முன் ஒரு கண்ணாடித் துண்டில் வைத்தாள். "இந்தக் கட்டடத்துல கோந்து புட்டி ஒரே ஒரு மேசையிலதாங்கம்மா இருக்கும். நான் பத்து வருஷம் கேட்டும் ஐயா எனக்கு ஒண்ணு தந்ததில்ல. பூச்சி வரும்னு சொல்வாங்க. சரியாத்தான் சொன்னாங்க."

குளத்தம்மா பெரிதாகச் சிரித்துவிட்டார். காப்பாளர் சிரிக்கவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தட்டைப் பார்த்தார். அங்கே பூ இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"கட்டுரையையே திரும்ப வாங்கிக்கறோம்," என்றார் தாழ்ந்த குரலில்.

"வாங்கலாம். பேரை வாங்க முடியாது. அச்சுல வந்த பேரு வந்ததுதான். எல்லாப் பட்டியல்லயும் இருக்கும். பக்கத்துலயே 'இரண்டு செடிகளின் கலவை'ன்னும் இருக்கும். நீங்க போனாலும் இருக்கும், நான் போனாலும் இருக்கும்." குளத்தம்மா படக்காரியிடம் திரும்பினார். சிரிப்பு போயிருந்தது. "நீதானே படம் போட்டது. போடும்போதே உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லலாம். இருக்கிறதைப் போட்டேன் என்று சொல்லலாம். காப்பாளர் கையெழுத்தைக் காட்டலாம்.

"தெரியும்," என்றாள்.

"ஏன் சொல்லல?"

"தட்டுல விட்டீங்களான்னு கேட்டேன். ஒரு பதில் சொன்னாங்க. அதுக்கப்புறம் சொல்ல மனசு வரல."

"ஒரு பொய்ச் செடி உலகத்துக்குப் போகுதுன்னு தெரிஞ்சே விட்டிருக்கே. இதையும் நான் எழுதுவேன்."

"எழுதுங்கம்மா."

"உன் வேலை போகும்."

"போகட்டும்மா."

சொன்னால் பயம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பசித்தவளுக்குச் சோறு இறங்குவது போல ஏதோ இறங்கியது.

மூலத்தாளை யார் திருத்தினாலும் ஒரு சீட்டு எழுதி அதிலேயே ஒட்ட வேண்டும். பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது. நூறு வருடத்துக்குப் பிறகு பார்ப்பவனுக்கும் எல்லாம் தெரிய வேண்டும் என்று விதி. "பிரிச்சது நீ. நீயே எழுது," என்றார் குளத்தம்மா.

அக்கா உட்கார்ந்து எழுதினாள். 'இலை: கொட்டி. பூ: சிற்றல்லி. தட்டில் மிதக்க விடாமல் ஒட்டப்பட்டது. ஒட்டியவர்: காப்பாளர்.' அவர் பெயரை முழுதாக, இனிஷியலோடு எழுதினாள். அதன் கீழ் 'பிரித்தவர்' என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள். மாவுப் பசையைத் தொட்டுச் சீட்டைத் தாளின் கீழ் மூலையில் வைத்து, மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு உள்ளங்கையால் அழுத்தினாள்.

குளத்தம்மாவும் சரிங்கய்யாவும் கீழே போனார்கள். காப்பாளர் போகவில்லை. மேசையின் மறுபக்கம் வந்து நின்றார். அவர் குரலைப் படக்காரி அப்படிக் கேட்டதே இல்லை.

"அம்மா, இலை என்ன பூ என்னங்கறது இருக்கட்டும். ஒட்டியவர்னு ஒரு வரி இருக்கு பாருங்க. அது ஒண்ணு மட்டும்... வேற சீட்டு எழுதிடலாமே. யாருக்கும் தெரியப்போறதில்ல. அடுத்த மாசம் நான் போயிடுவேன். உங்களுக்கு இங்கயே வேலைக்கு எழுதித் தர்றேன்."

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அன்றைக்கு முதல்முறையாகப் பார்த்தாள்.

"பசை காய்ஞ்சிடுச்சுங்கய்யா," என்றாள்.

காப்பாளர் இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மாவுப் பசை காயக் கால் மணி நேரம் ஆகும். படக்காரிக்கு அது தெரியும். அக்கா உள்ளங்கையைத் துணியின்மேல் அழுத்தியபடியே உட்கார்ந்திருந்தாள். படக்காரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.